மலை காத்த பாட்டு

திருமலைக்குச் சென்று வாராத குடும்பம் நம் காலனியில் ஒன்றேனும் இருக்குமோ என்பது ஐயமே. பிள்ளைக்கு முடியிறக்கவோ, மணமக்களுடன் வேண்டுதல் செலுத்தவோ, விடுமுறைக்கு ஊர் திரும்பும் வழியில் ரயிலை விட்டிறங்கி ஒரு நாள் தங்கவோ, நாம் யாவரும் அம்மலையைக் கண்டவர்களே. நெடுநேரம் வரிசையில் நின்று, நெருக்குண்டு, ஒரு நொடி தரிசித்து வெளியே வந்ததும் உண்டியலை நோக்கி விரைகின்றோம். அவ்வுண்டியலுக்கு மிக அருகில், விமானத்தைச் சுற்றிவரும் வழியில், கல்லாலான சிறியதோர் அறை உண்டு. அதன் இரு மருங்கிலும் இருவர் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஒருவர் தாள்ளப்பாக்கம் அன்னமாசாரியார்; மற்றவர் அவர் மகனார். அவ்வறைக்குச் சங்கீர்த்தன பண்டாரம் என்று பெயர். பண்டாரம் என்றால் கருவூலம். பொன்னையும் மணியையும் காக்கவே கருவூலம் அமைப்பது உலக வழக்கு. பாட்டைக் காப்பதற்கென்று ஒரு கருவூலம் அமைத்து, அதனை மலையுச்சியில் கோயிலின் உள்ளேயே வைத்தார்கள் அந்நாளில். அங்கே காக்கப்பட்டது எது, காக்கப்படாமற் போனது எது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதனை எழுதத் தூண்டியது ஒரு பழைய நோட்டுப் புத்தகம். எங்கள் ஊர் சித்தூருக்கு மேற்கே உள்ள சிற்றூர். என் பாட்டியாரை நாங்கள் ‘அவ்வா’ என்றே அழைப்போம். வீட்டில் பேசுவது தமிழ். தெருவில் பேசுவது தெலுங்கு. கோபம் வந்தால் எது முந்துகிறதோ அது. அவ்வா மலையேறும்போது பாடிய பாட்டுக்களைத் தம் கையாலேயே ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். தெலுங்குப் பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதுவது அப்பக்கத்து வழக்கம். நாற்பத்தொரு பாட்டுக்கள் அதில் உள்ளன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் எந்தப் படிக்கட்டருகே பாடுவது என்ற குறிப்பும் உண்டு. மெட்டு மட்டும் இல்லை. அதனை எழுதத் தேவையென்று அவர் கருதவில்லை. அஃது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று எண்ணியிருப்பார். இப்போது என் கையில் சொல் இருக்கிறது; இசை இல்லை. இந்நிலை எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று என்பதைத் திருமலையின் வரலாற்றைப் படித்தபோதே உணர்ந்தேன்.

மலைக்கும் இசைக்கும் உள்ள உறவு நம் நாட்டில் மிகப் பழையது. தொல்காப்பியத்தின் பாயிரம் தமிழகத்தின் வட எல்லையாக வேங்கடத்தைக் குறிக்கின்றது. சங்கப் பாடல்கள் புல்லி, ஆதனுங்கன் ஆகிய வேங்கடத்துத் தலைவர்களின் பெயர்களைக் காத்து வைத்துள்ளன. அம்மலையைத் தாண்டினால் மொழி வேறாகும் என்பதும் அப்புலவர்கள் அறிந்த செய்தி. பொருள் தேடி அவ்வெல்லை கடந்து சென்ற தலைவனை எண்ணி வருந்தும் பாடல்கள் அகநானூற்றில் பல. மொழி பெயர்ந்த தேயத்தில் பிழைக்க வந்த நமக்கு அப்பாடல்கள் புதியன போலவே தோன்றும். அது நிற்க.

குறிஞ்சி நிலத்துக்கென்று ஒரு யாழும் ஒரு பண்ணும் ஒரு பறையும் வகுத்தவர் நம் முன்னோர். அப்பறைக்குத் தொண்டகம் என்று பெயர். மலையில் இசை தனியொருவன் தொழிலாக இருக்கவில்லை. கூட்டமாகச் செல்வோர் தொழிலாக இருந்தது. இதற்குப் பத்துப்பாட்டில் மலைபடுகடாம் என்னும் நூலைக் காட்டிலும் நல்ல சான்று வேறில்லை. பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய அந்நூல் 583 அடிகளை உடையது. செங்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெற மலைவழியே நடக்கும் கூத்தர் குழுவே அதில் வருகின்றது. முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, தூம்பு, குழல், எல்லரி, பதலை என்று அவர்கள் சுமந்து செல்லும் கருவிகளைப் புலவர் ஒவ்வொன்றாய் எண்ணுகின்றார். பைகளில் இட்ட அக்கருவிகள், பலாமரத்தில் கொத்துக் கொத்தாய்த் தொங்கும் காய்களைப் போல் இருந்தனவாம். இக்காலத்து ‘பாண்டு’ குழுவினர் வேனிலிருந்து பெட்டி பெட்டியாய்க் கருவிகளை இறக்குவதைக் காணும்போதெல்லாம் அவ்வுவமை என் நினைவுக்கு வரும். நூலின் பெயரே ஒலியைக் குறிப்பது. மலையை யானையாகவும், மலையில் எழும் பல்வகை ஓசைகளை அதன் மதமாகவும் உருவகித்தார் புலவர். அருவி வீழ்வதும், தினைப்புனம் காப்போர் ஆர்ப்பதும், மகளிர் உலக்கையோடு வள்ளை பாடுவதும், குறவர் குரவை ஆடுவதும் ஒன்றாய்க் கலந்து கேட்கின்றன. அந்தக் குழுவின் கருவிகளின் பெயர் நமக்குத் தெரியும். அவர்கள் வாசித்தது எப்படி ஒலித்தது என்பது தெரியாது.

பின்னர் ஆழ்வார்கள் வந்தனர். பன்னிருவருள் தொண்டரடிப்பொடியாரும் மதுரகவியாரும் நீங்கலாக ஏனைய பதின்மரும் வேங்கடத்தைப் பாடியுள்ளனர். அம்மலையில் ஒரு படியாகவேனும் கிடக்க வேண்டும் என்று குலசேகரர் விரும்பினார். கருவறை வாயிற்படி இன்றும் குலசேகரப்படி என்றே வழங்குகின்றது. ஆந்திர நாட்டின் நடுவே, தெலுங்கு பேசும் பட்டர்களும் ‘குலசேகரப்படி’ என்று தமிழிலேயே சொல்வதைக் கேட்டு நான் மகிழ்ந்ததுண்டு. மார்கழி மாதம் முழுவதும் அங்கே வடமொழிச் சுப்ரபாதம் ஒலிப்பதில்லை. அதன் இடத்தில் ஆண்டாளின் திருப்பாவையே இறைவனைத் துயிலெழுப்புகின்றது.

இனி அன்னமாசாரியாரிடம் வருவோம். அவர் 1408-ஆம் ஆண்டு, சேஷாசலத் தொடரின் அடிவாரத்தில், இராஜம்பேட்டையை அடுத்த தாள்ளப்பாக்கத்தில் பிறந்தார். 1503-இல் மறைந்தார். இளமையில் வீட்டாரிடம் சொல்லாமல் யாத்திரைக் கூட்டத்தோடு சேர்ந்து மலையேறியவர் என்று அவர் வரலாறு கூறும். அவ்வரலாற்றைத் தெலுங்குச் செய்யுளில் எழுதியவர் அவருடைய பேரர் சின்னண்ணர் என்பார். அன்னமாசாரியார் 32,000 சங்கீர்த்தனங்கள் பாடியதாகச் சொல்வர். கிடைத்திருப்பவை ஏறத்தாழ 12,000. ஒரு மனிதன் ஒரு மலையைப் பற்றி இத்துணைப் பாடியது உலகில் வேறெங்கேனும் உண்டோ, அறியேன். பல்லவியும் சரணங்களுமாக அமைந்த கீர்த்தனை வடிவத்திற்கு முன்னோடி என்று இசையறிஞர் இவரையே சுட்டுவர். அவர் மகனார் பெத்த திருமலாசாரியாரும், பேரர் சின்ன திருமலாசாரியாரும் தாமும் பாடல்கள் இயற்றியவர்கள். குடும்பமே ஒரு பாட்டுக் குழுவாக விளங்கியது. இரவு நடை சாத்துமுன் நிகழும் ஏகாந்த சேவையில் தாலாட்டுப் பாடும் உரிமை அவ்வழியினருக்கு இன்றளவும் உண்டு.

இப்பாடல்களை ஓலையில் எழுதினால் செல்லரிக்கும் என்று அஞ்சிச் செப்பேட்டில் பொறித்தார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஏடுகள். அக்காலத்தில் செம்பின் விலையையும், ஓர் ஏட்டைச் செதுக்கும் உழைப்பையும், அத்தனை ஏடுகளையும் படிப்படியாய் மலைமேல் ஏற்றிய தோள்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மன்னர்கள் நிலக்கொடையைச் செப்பேட்டில் எழுதுவித்தனர். அவர்களுக்கு வாரிசுகளைப் பற்றிய அச்சம். இவர்களோ பாட்டை எழுதுவித்தனர். ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் இராகத்தின் பெயரைப் பொறித்தனர். அவ்வளவே. சுரம் இல்லை. பாடுவோர் எப்பொழுதும் இருப்பர் என்ற துணிவு அது. என் அவ்வாவுக்கும் அதே துணிவுதான்.

விசயநகரம் வீழ்ந்தது. கோயில் நிர்வாகம் நவாபிடமும் பின்னர்க் கும்பினியாரிடமும் சென்றது. பாடுவோர் மெல்லமெல்லக் குறைந்தனர். ஏடுகள் அறையிலேயே கிடந்தன. இங்கே ஒரு சுவையான செய்தி. 1816-இல் காம்பெல் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னையில் தெலுங்கு இலக்கணம் ஒன்றை வெளியிட்டார். திராவிட மொழிகள் ஓரினம் என்பதை எல்லிஸ் துரை முதன்முதல் நிறுவியது அந்நூலின் முன்னுரையில்தான். அதே நூலில் காம்பெல், திருப்பதிக் கோயிலில் ஆயிரக்கணக்கான செப்பேடுகளில் பாடல்கள் இருப்பதாகக் கேள்வியுற்று, அவற்றைப் பார்த்துவர ஒருவரை அனுப்பியதாக எழுதுகின்றார். போனவர் பார்த்தார். ஓர் இலக்கண நூலை மட்டும் படியெடுத்து வந்தார். ஏனையவெல்லாம் கடவுளைப் பற்றிய நெடிய துதிகளே என்று சொல்லி, ஏடுகளை இருந்த இடத்திலேயே விட்டு இறங்கினார். இலக்கணம் தேடி வந்தவர் கண்ணுக்கு இலக்கியம் பயனற்றதாய்ப் பட்டது! அன்று அவர் கோயிற்பாடகர் ஒருவரை அழைத்து, ‘இதைப் பாடிக் காட்டும்’ என்று கேட்டிருந்தால், மெட்டறிந்தவர் ஒருவர் இருவரேனும் உயிரோடு இருந்திருக்கக்கூடும் என்று எண்ணுவது என் ஆசை.

அதன்பின் நூறாண்டுக்கு மேல் சென்றது. 1922-ஆம் ஆண்டளவில் தேவஸ்தானத்துக் கல்வெட்டறிஞர் சாது சுப்பிரமணிய சாஸ்திரியார் அவ்வேடுகளை உலகறியச் செய்தார். வேட்டூரி பிரபாகர சாஸ்திரியார் அன்னமாசாரியாரின் வரலாற்று நூலைத் தேடிக் கண்டு பதிப்பித்தார். சொல் கிடைத்துவிட்டது. இசைக்கு என் செய்வது?

அப்பொறுப்பை ஏற்றவர் இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா அவர்கள். மைசூரில் ஆசிரியப் பணியாற்றி ஓய்வு பெற்றுத் திருப்பதிக்கு வந்த இப்பெரியார் இலக்கியமும் இசையும் ஒருங்கே கற்றவர். ஏட்டில் கண்ட இராகங்களில் பல இன்றும் பெயரளவில் வழங்குகின்றன. ஆனால் ஐந்நூறு ஆண்டுகளில் ஓர் இராகத்தின் உருவம் எவ்வளவு மாறியிருக்கும்! சாமந்தம், தேசாட்சி, சாளங்கநாட போன்றவை மேடையில் கேட்பதற்கே அரியன. ஆகவே பழைய மெட்டை மீட்பது இயலாது என்பதை உணர்ந்து, 108 பாடல்களுக்குத் தாமே இசையமைத்தார். பின்னர் நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி அவர்களும், அண்மையில் 2025-இல் மறைந்த கரிமெள்ள பாலகிருஷ்ணப் பிரசாத் அவர்களும் மேலும் நூற்றுக்கணக்கான பாடல்களுக்கு மெட்டமைத்தனர். எம். எஸ். சுப்புலக்ஷ்மி அம்மையார் பாடி, தேவஸ்தானம் ஐந்து இசைத்தட்டுக்களாய் வெளியிட்ட பாலாஜி பஞ்சரத்தின மாலை, நம் வீடுகளில் இன்றும் விடியற்காலையில் ஒலிக்கின்றது. அதில் நாம் கேட்கும் அன்னமாசாரியாரின் சொல் ஐந்நூறாண்டுப் பழமை உடையது; மெட்டோ நம் பாட்டனார் காலத்துக்கும் பிந்தியது. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் இசையமைக்காது விட்டிருந்தால் செம்பு செம்பாகவே இருந்திருக்கும். எனினும் பழைய இசை போயிற்று என்பதையும் மறைக்காமற் சொல்வதே நேர்மை.

இவ்விடத்தில் வேங்கடத்தை விட்டுச் சற்றுத் தெற்கே செல்ல வேண்டும். பாட்டைக் காத்த மலை திருமலை ஒன்று மட்டும் அன்று. புதுக்கோட்டைக்கு அருகே குடுமியான்மலை என்றொரு குன்று. அங்கே குடைவரைக் கோயிலுக்கு அருகிலுள்ள பாறையில், ஏழாம் எட்டாம் நூற்றாண்டைச் சார்ந்த இசைக் கல்வெட்டு ஒன்று கிரந்த எழுத்தில் உள்ளது. அதில் இருப்பவை சுரங்கள். ஏழு பிரிவுகளாக, வரிசை வரிசையாக, வெறும் சுரங்கள். இன்ன பாட்டுக்கு உரியவை என்ற சொல் ஒன்றும் இல்லை. ஈரோட்டுக்கு அருகே அறச்சலூர் என்னும் ஊரில் ஒரு குன்றின் குகையில் அதனினும் பழைய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு உண்டு. அதில் இருப்பவை த, தை, தா என்னும் தாளச் சொற்கட்டுக்கள். மேலிருந்து கீழும், இடமிருந்து வலமும் படிக்க ஒன்றாகவே வரும்படி அடுக்கப்பட்டவை. ஆக, அறச்சலூர்க் குன்று தாளத்தைக் காத்தது. குடுமியான்மலை சுரத்தைக் காத்தது. திருமலை சொல்லைக் காத்தது. மூன்றும் ஒன்றுசேர்ந்த முழுப்பாட்டு எந்த மலையிலும் இல்லை. கல்லிலும் செம்பிலும் அது தங்குவதில்லை போலும்.

தங்கிய இடம் எது என்று பார்ப்பதற்கு மீண்டும் சித்தூர்ச் சீமைக்கே திரும்புவோம். 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், வடார்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுக்காக்களைப் பிரித்து, ஜமீன்களையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டத்தை அமைத்தனர். அதன் கிழக்கே நகரி மலைகள். கடலில் வரும் கப்பலோட்டிகள் சென்னைக் கரையை அறிய அடையாளமாகக் கொண்ட மூக்குப் போன்ற முகடு அங்கேதான் உள்ளது. அம்மலைகளின் மடியில் கார்வேட்டிநகரம். அந்த ஜமீனின் நிழலில், வேணுகோபாலன் மீது பதங்கள் பாடிய சாரங்கபாணியும், வருணங்களால் பெயர் பெற்ற கோவிந்தசாமய்யாவும் வாழ்ந்தனர். மேற்கே வாயல்பாட்டுப் பக்கத்துத் தரிகொண்டாவில் பிறந்தவர் வெங்கமாம்பா அம்மையார். 1730 முதல் 1817 வரை வாழ்ந்த அவர், இளமையிலேயே கணவனை இழந்து, ஊராரின் ஏச்சைப் பொறுத்து, திருமலையை அடைந்தார். மலைக்காட்டில் தும்புரு தீர்த்தம் என்னும் அருவிப் பள்ளத்தில் தனித்திருந்து தவம் செய்தார். யாழேந்திய கந்தருவனாகிய தும்புருவின் பெயரால் வழங்கும் அப்பள்ளத்திற்குப் பங்குனிப் பௌர்ணமியில் யாத்திரிகர் இன்றும் நடந்து செல்கின்றனர். ஏகாந்த சேவையில் அன்னமாசாரியார் மரபினரின் தாலாட்டோடு, இவ்வம்மையார் பெயரால் முத்தியால ஆரத்தியும் நடைபெறுகின்றது.

தியாகராஜ சுவாமிகள் முதுமையில் திருமலைக்கு வந்தபோது சந்நிதியில் திரை போட்டிருந்ததும், அவர் கௌளிபந்து இராகத்தில் மனமுருகிப் பாடியதும் பலர் அறிந்த கதை. திரும்பும் வழியில் புத்தூரில் பிலஹரி பாடி ஒருவனை உயிர்ப்பித்தார் என்பதும் கர்ண பரம்பரை. திருத்தணியின் 365 படிகளில் ஏறும்போது முத்துசுவாமி தீட்சிதரின் வாயில் முதியவர் ஒருவர் கற்கண்டை இட்டதும், மாயாமாளவகௌளையில் அவர் முதற்கீர்த்தனை பிறந்ததும் அவ்வாறே வழிவழி வருபவை. ‘குருகுக’ என்ற முத்திரை அம்மலை தந்தது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது திருத்தணியும் சித்தூரோடு அங்கே சென்றது. ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாய், 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்துக்கு மீண்டது. எங்கள் ஊர் மீளவில்லை. அதுபற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இருந்த வருத்தத்தை நான் அறிவேன். ஆனால் தெலுங்கில் பாடிய தமிழ்நாட்டுத் தியாகராஜரையும், தமிழ்மலையில் வடமொழி பாடிய தீட்சிதரையும் எந்த எல்லைக் கமிஷன் எப்பக்கம் சேர்க்கும்?

இதற்கு எங்கள் சீமை தந்த சான்று சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை அவர்கள். 1898-இல் புங்கனூரில், அரிகதை செய்யும் குடும்பத்தில் தோன்றியவர். மலையிறங்கிக் காஞ்சிபுரம் சென்று நயினாப் பிள்ளையிடம் குருகுல வாசம் செய்தார். நயினாப் பிள்ளையின் கச்சேரியை அக்காலத்து ரசிகர் ‘புல் பெஞ்சு’ என்பர். ஐகோர்ட்டு நீதிபதிகள் அனைவரும் கூடியமர்வது போல, மிருதங்கம், கஞ்சிரா, கடம், முகர்சிங், டோலக், கொன்னக்கோல் என்று லய வித்துவான்கள் மேடை நிறைய அமர்வர். அவர்கள் நடுவே பாடகர் தாளத்தில் இம்மியும் வழுவாது பாட வேண்டும். அப்படைக்கு நடுவே, குருவின் பின்னமர்ந்து பாடிப் பாடிப் பயின்றவர் சுப்பிரமணிய பிள்ளை. ஆனந்தபைரவியில் ‘மதுரா நகரிலோ’ என்ற பாட்டு அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1954-இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருதளித்தது. 1975-இல் காலமானார். அவருடைய மாணவர் மதுரை சோமு. 1972-இல் வெளிவந்த ‘தெய்வம்’ படத்தில் ‘மருதமலை மாமணியே’ என்று சோமு முழங்கியதைக் கேளாதவர் நம்மில் யார்? புங்கனூர் மலைநாட்டிலிருந்து புறப்பட்ட பாட்டு காஞ்சியில் தங்கி, மதுரைக்குச் சென்று, கோவையின் மருதமலையில் ஏறிவிட்டது. இதில் எந்தக் கணமும் ஏட்டை நம்பி நின்றதன்று. ஒருவர் பாட, பின்னிருந்து மற்றொருவர் பாடியதால் நின்றது.

மலையடியில் இன்னொரு கூட்டமும் உண்டு. மலர்களில் அவர்களைப் பற்றி எழுதுவோர் குறைவு. திருப்பதி ஊருக்குள் தாத்தய்யகுண்டக் கங்கையம்மனுக்கு மே மாதத்தில் ஜாத்திரை. வேங்கடேசனுக்கு இவள் தங்கை. ஆகவே மலையிலிருந்து அண்ணன் வீட்டுச் சீராகப் புடவையும் மஞ்சளும் வருகின்றன. பைராகி, தோட்டி, துரை, மாதங்கி என்று நாளொரு வேடம் புனைந்து ஆடவர் தெருத்தெருவாய் வருவர். அவ்வேடங்களை நடத்திச் செல்வது பம்பையும் தப்பும். பம்பைக்காரர்க்கு ஏடும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. தகப்பன் அடிக்க மகன் பார்க்கிறான். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதியம்மன் திருவிழாவிலும் அப்படியே. பகலில் பாரதக் கதை. இரவில் முகவீணையும் மிருதங்கமும் ஒலிக்கத் தெருக்கூத்து. அருச்சுனன் தமிழில் பேசத் திரௌபதி தெலுங்கில் விடையிறுத்ததைக் கண்டவன் நான். கூட்டத்தில் ஒருவரும் அதனை விந்தையாகக் கருதவில்லை. செப்பேட்டுக்கும் கல்வெட்டுக்கும் இவர்களிடம் வேலையில்லை. அடியும் நடையும் கையோடு கையாக வந்திருக்கின்றன. ஆயினும் ஒரு தலைமுறை நகரத்து வேலைக்குச் சென்றால் இங்கே மிஞ்சுவதற்கு ஒன்றும் இல்லை என்பதையும் நினைக்க வேண்டும்.

மலைப்பாட்டுக்கு நேர்ந்ததும் அதுவே. 1944 ஏப்ரலில் திருமலைக்கு முதல் மலைச்சாலை திறக்கப்பட்டது. அதற்கு முன் போவோர் பலரும் அலிபிரியிலிருந்து 3,550 படிகளை நடந்தோ, இயலாதார் டோலியிலோ கடந்தனர். நடப்பவர்க்குப் பாட்டு வேண்டியிருந்தது. மூச்சு வாங்கும் செங்குத்தில் ஒரு சொல்லுக்கு ஒரு படி; சமமான இடத்தில் நீண்ட அடி; காளிகோபுரத்து நிழலில் உட்கார்ந்தால் விரிவான கதைப் பாட்டு. படியின் உயரமே பாட்டின் தாளத்தை அமைத்தது என்று அவ்வா சொல்வார். பஸ் வந்தபின் படி குறைந்தது. படி குறைந்தபின் பாட்டும் குறைந்தது. 1974-இல் இரண்டாம் சாலையும் வந்துவிட்டது. சாலையைக் குறை கூற எனக்கு வாயில்லை. முழங்கால் வலியோடு நானே பஸ்ஸில்தான் ஏறினேன். இருந்தும், இன்றும் நடந்தேறுவோர் பல்லாயிரவர். பஜனைக் குழுவினரைத் திரட்டி அலிபிரியிலிருந்து பாடிக்கொண்டே ஏறச்செய்யும் படித் திருவிழாவைத் தேவஸ்தானத்தின் தாஸ சாகித்தியப் பிரிவினர் நடத்துகின்றனர். ஜால்ராவும் டோலக்கும் முழங்க அக்கூட்டம் ஏறுவதை நான் ஒருமுறை கண்டேன். அவர்கள் பாடியவற்றுள் அவ்வாவின் நோட்டில் உள்ள பாட்டு ஒன்றும் இல்லை.

நாற்பத்தொன்றில் ஒரே ஒரு பாட்டின் மெட்டு என் தமக்கையாருக்கு நினைவிருக்கின்றது. அதுவும் பல்லவி மட்டும். முழங்கால் முறிச்சான் என்னும் செங்குத்துப் படிகளில் பாடுவது அது. மற்ற நாற்பதும் செப்பேட்டைப் போல் வாய்மூடிக் கிடக்கின்றன. சித்தூர், புத்தூர், திருத்தணி, காளத்திப் பக்கங்களிலிருந்து வந்த குடும்பங்கள் நம் காலனியில் சில உண்டு. அவ்வீட்டுப் பெரியவர்கள் தம் தாயாரோ பாட்டியாரோ மலையேறுகையில் பாடக் கேட்டிருக்கலாம். ஆண்டு விழா அன்று, சிறுவர் நாடகம் முடிந்து உணவு பரிமாறும் வரையில், அந்த நோட்டுடன் சங்கக் கட்டடத்தின் பின் தாழ்வாரத்தில் நான் அமர்ந்திருப்பேன். சொல்லை நான் படிக்கின்றேன். மெட்டுத் தெரிந்தவர் யாரேனும் இருந்தால் பாடிக் காட்டவேண்டுகின்றேன். குரல் நன்றாயில்லை என்று தயங்க வேண்டா. என் தமக்கையாரும் அன்று வருவார்.